மூன்றாம் அத்தியாயம் மட்டும் வரவில்லை

நவம்பர் 4, திங்கள்

மூன்று மாதம் கழித்து இன்று மதியம் மறுபடியும் வாசிக்க உட்கார்ந்தேன். ‘கூழாங்கல் பங்களா’, நான்காம் அத்தியாயம். ஸ்கூல் வேன்கள் தெருவுக்குள் வருவதற்குள் முடித்தாக வேண்டும். படுக்கையறைக் கதவைச் சாத்தி, அதன் மேல் கம்பளிப் போர்வையைத் தொங்கவிட்டு, ஃபேனையும் அணைத்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க ஒரு கிழவன் பேய்க்கதை வாசிப்பதை ஜன்னல் வழியாக யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று என் மனைவி தமயந்தி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போடும் வேலை இது. சம்பளம் கிடையாது. கோர்ட்டில் டவாலியாகச் சேர்ந்து கிளார்க்காக ஓய்வு பெற்றவன் நான். குரலை வைத்துப் பிழைத்தவன். ஆளின் பெயரை மூன்று முறை கூப்பிடுவேன். மூன்றாவது தடவையும் பதில் இல்லை என்றால் ஆஜராகவில்லை என்று எழுதிவிடுவார்கள். வராண்டாவின் கடைசியில் டீ குடிக்கிறவனுக்குக்கூட என் குரல் போய்ச் சேரும்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வாசிப்பவர் தப்பு விட்டால் ஒரு தடவை கை தட்டிவிட்டு அந்த வரியை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். கை தட்டல் கேட்டால் பதிவைச் சரி செய்பவருக்கு அங்கே வெட்ட வேண்டும் என்று தெரியும். நான் தப்பு விட்டால் எனக்கே தெரியாது என்பது தமயந்தியின் கட்சி. அதனால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் தோளுக்கு மேலாகப் புத்தகத்தைப் பார்த்து அவள்தான் தட்டுவாள்.

இனித் தட்ட ஆளில்லை. ஆகஸ்டில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து போய்விட்டாள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

குழுவில் இதைச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். ஆளாளுக்கு அழுது செய்தி அனுப்புவார்கள். எனக்கு அதெல்லாம் ஒத்துவராது.

நவம்பர் 5, செவ்வாய்

குக்கர் விசில் கெட்டுவிட்டது. பருப்பு அடியோடு கருகி, வீடெல்லாம் புகை. இந்தக் கம்பெனிக் குக்கரை இனி வாங்கக் கூடாது.

நவம்பர் 6, புதன்

பதிவைச் சரி செய்கிற தெரசா மதுரையில் கல்லூரி ஆசிரியை. பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. நல்ல பெண். செய்தியைத் தட்டச்சு செய்து அனுப்புவாள், அது எனக்குச் சௌகரியம். இன்று எழுதியிருந்தாள்:

“நாதன் சார், நாலாவது அத்தியாயம் அருமை. ஆனா அம்மா ரெண்டு இடத்துல கை தட்டியும் நீங்க திரும்ப வாசிக்காம போயிட்டீங்க. ‘ஈரக் கைரேகை’ன்னு வரணும் போல, ‘ஈரக் கைராசி’ன்னு வாசிச்சிருக்கீங்க. அந்த ரெண்டு வரி மட்டும் அனுப்புங்க. இவ்வளவு நாள் கழிச்சு அம்மா கை தட்டலைக் கேட்டதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அப்புறம், ரெண்டுக்கு அடுத்து நாலு வந்திருக்கு. மூணு எங்க சார்?”

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கைரேகைதான். பழக்கதோஷத்தில் நானே தட்டியிருப்பேன். கைக்கு இருக்கிற புத்தி வாய்க்கு இல்லை.

மூன்றாவது ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று பதில் எழுதினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை குழுவில் அரட்டை நாள். அந்த வாரம் கேட்ட அத்தியாயங்களைப் பற்றி ஆளாளுக்குக் கருத்துச் சொல்வார்கள். கொலைகாரன் யார் என்று டீ பந்தயம் கட்டுவார்கள்.

கதை இதுதான். ஏற்காட்டில் ஒரு பங்களா. வரிசையாகச் சாவு. போலீசுக்குப் பிடிபடவில்லை என்று இரண்டு பேரை அனுப்புகிறார்கள். ஆதிரை என்ற பெண் ஒரு பொருளைத் தொட்டால் அதைக் கடைசியாகத் தொட்டவர் கண்ணுக்குத் தெரிவார். மாறன் பார்வையற்றவன். செத்தவர்களின் குரல் அவனுக்குக் கேட்கும்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் கீ செயின் விற்கும் குப்புராஜுக்கு இந்த மாறனைக் கண்டாலே ஆகவில்லை. குப்புராஜுக்கும் பார்வை இல்லை. நல்ல கனத்த குரல். அவன் அனுப்பும் குரல் செய்தி மட்டும்தான் தெளிவாக இருக்கும். பெண்களெல்லாம் ஃபோனை எங்கே வைத்துக்கொண்டு பேசுகிறார்களோ, ஒரே முணுமுணுப்பு.

“ஏன் சார், எழுதுறவங்களுக்கெல்லாம் கண்ணு தெரியாதவன்னாலே ஆவி தெரியணுமா? எனக்கு இருபது வருஷமா ஓசூர் பஸ்ஸு எதுன்னே கேட்டுத்தான் தெரியுது. செத்தவங்களே வந்து சாட்சி சொல்லிட்டா அப்புறம் துப்பறியறதுக்கு என்ன இருக்கு? ஆனா ஒண்ணு சார், நீங்களும் அம்மாவும் சேர்ந்து வாசிக்கறது சூப்பர். அம்மா சன்னமா, உங்களுக்கு ஒரு வார்த்தை முன்னாடி போறாங்க. பஜனையில முன்பாட்டு பாடற மாதிரி.”

வேறு நான்கு பேரும் அதையே எழுதியிருந்தார்கள். ஒருத்தி கேட்டாள்: “இனிமே அம்மாவே தனியா வாசிக்கலாமே?”

நவம்பர் 11, திங்கள்

ஐந்தாம் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஃபோனைக் காதோடு ஒட்டி, சத்தத்தை முழுக்க வைத்து. என் குரல்தான் இருக்கிறது. வேறு ஒன்றுமில்லை. நடுவில் ஃபோனை வைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் ஹேமா ஓசூரிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள், எடுக்கவில்லை என்று வாசல் வரை வந்து மேல்வீட்டுக்காரர் சொல்ல வேண்டியதாயிற்று.

“அப்பா, டிவி சத்தம் தெரு முனை வரைக்கும் கேக்குதாம். ஒரு தடவை காதைக் காட்டிடுங்கப்பா. அம்மாவும் சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க.”

“என் காதுக்கு ஒண்ணும் இல்ல. அவ கை தட்டினா நான் ஒரு தடவைகூட விட்டதில்ல, தெரியுமா?”

“நீங்க பாத்து நிறுத்துவீங்கப்பா. கேட்டு இல்ல.”

ஃபோனை வைத்துவிட்டேன். பெற்ற பெண் என்றாலும் வாய்க்கு ஒரு அளவு வேண்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

குப்புராஜ் இன்று நிஜமாகவே கோபித்துக்கொண்டான்.

“சார், அம்மாகிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க. எட்டாவது அத்தியாயத்துல, ஆதிரை அந்த உடைஞ்ச தம்ளரைத் தொடுறாளே, அங்க அம்மா பட்டுனு ‘வயலின் வாத்தியார்தான், வேற யாரு’ன்னு சொல்லிட்டாங்க. நான் டாக்டர் மேல பத்து டீ கட்டியிருக்கேன் சார்! இப்படிப் போட்டு உடைச்சா எப்படி?”

குழுவே சிரித்துத் தீர்த்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எந்தத் துப்பறியும் கதையாக இருந்தாலும் தமயந்தி கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். படித்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மாவும் இருக்க மாட்டாள். நான் அப்படி இல்லை. வாசிக்கும்போதுதான் அடுத்த பக்கம் எனக்குத் தெரியும்.

இன்று கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். வயலின் வாத்தியார்தான்.

நவம்பர் 18, திங்கள்

வீட்டு வேலைக்கு வரும் பாக்கியத்திடம் ஃபோனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக் காதில் வைத்தாள். முதலில் சாதாரணமாகத்தான் இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

“அம்மா குரலுங்கய்யா.”

“நல்லாக் கேட்டுச் சொல்லு. பழைய பதிவு எதுவும் இல்ல, போன வாரம் பண்ணது.”

“அம்மாதாங்கய்யா. பதினோரு வருசமா கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? கதைதான் படிக்கிறாங்க. நீங்க படிக்கறதுக்கு முன்னாடியே படிக்கிறாங்க.”

ஃபோனைத் தரையில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. பாதிப் பாத்திரம் அப்படியே கிடக்கப் போய்விட்டாள்.

ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கிறது. தர்மபுரிக்காரனுக்குக் கேட்கிறது, பாத்திரம் தேய்க்கிறவளுக்குக் கேட்கிறது. கட்டின புருஷன் எனக்குக் கேட்கவில்லை. பயமாக இருக்கிறதா என்றால் இல்லை. ஆத்திரமாக இருக்கிறது. பொறாமையாகவும் இருக்கிறது, அதை மறைப்பானேன்.

நவம்பர் 21, வியாழன்

ஹேமாவிடம் சொல்லாமல் தில்லைநகரில் ஒரு காது சோதனை நிலையத்துக்குப் போய் வந்தேன். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்துத் தலையில் எதையோ மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டுமாம். அந்தப் பெண் சத்தம் எழுப்ப மறந்துவிட்டாள் போலிருக்கிறது. நானும் மரியாதைக்குக் காத்திருந்தேன். வெளியே வந்தால் ஒரு தாளைக் காட்டி, “சார், பெண் குரல், குழந்தைங்க குரல், பறவைச் சத்தம், இதெல்லாம் உங்களுக்கு ரொம்ப நாளாவே சரியாக் கேட்டிருக்காதே, வீட்டுல யாரும் சொல்லலையா?” என்கிறாள்.

யாரும் சொல்லவில்லை என்றேன்.

பத்து நாள் போட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு மெஷின் கொடுத்தார்கள். கடலைப் பருப்பு அளவு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

மெஷினைப் போட்டேன். காகம் இவ்வளவு கத்துமா! பாத்ரூம் குழாய் சொட்டுகிறது. எத்தனை நாளாகச் சொட்டுகிறதோ, ஈரம் காயாமல் பாசி பிடித்திருக்கும். குக்கர் விசில் நன்றாகத்தான் இருக்கிறது.

பதிவுகளைப் போட்டுக் கேட்கலாம் என்று ஃபோனை எடுத்தேன். வரிசையில் மேலே மூன்றாவது ஃபைல் இருந்தது. மெஷினைக் கழற்றி டிராயரில் வைத்துவிட்டேன். பேட்டரி வீணாகக் கூடாது.

நவம்பர் 24, ஞாயிறு

பாக்கியம் சமயபுரத்து விபூதியோடு வந்து, நிலைப்படியில் பூசிவிட்டு, மீதிப் பாத்திரத்தைத் தேய்த்துக் கொடுத்தாள்.

இந்த வாரக் கருத்துகள் சூடாக இருந்தன. ஆதிரை பாத்திரம் பிரமாதம், கடைசியாகத் தொட்டவரைப் பார்க்கும் அந்த உத்தி புதுசு என்று ஒரு கட்சி. ஆவி வரும் இடமெல்லாம் குளிர்காற்று அடிப்பதும் நாய் ஊளையிடுவதும் அரைத்த மாவு என்று இன்னொரு கட்சி. குப்புராஜ் மட்டும் மாறனைக் கொஞ்சம் மன்னித்துவிட்டான். ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்: மூன்றாம் அத்தியாயம் கேட்காமல் ஒன்றும் ஒட்டவில்லை. மாறன் பூட்டிய அறைக்கு வெளியே நின்று எதைக் கேட்டான் என்று அதில்தான் வருகிறது.

தெரசா தனியாக எழுதினாள்: “சார், மறுபடி வாசிச்சுடுங்களேன், அரை மணி நேர வேலைதானே. மூணு இல்லாம புத்தகத்தை முழுசாச் சேர்க்க முடியாது. டிசம்பர் பத்துக்குள்ள வரலைன்னா இதை நிறுத்திட்டு வேற புத்தகத்துக்குப் போகணும். வேற ஒருத்தர் வாசிக்கத் தயாரா இருக்காங்க.”

இந்தப் புத்தகத்தை நிறுத்தினால் தமயந்தி எதை வாசிப்பாள்? பாதியில் விட்டுப் போகிற ஆள் இல்லை அவள். எனக்கு அவளை ஒரு தடவையாவது கேட்க வேண்டும். அதற்குள் நிறுத்தக் கூடாது. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தை நான் வாசித்தாயிற்று. ஒரு தடவை வாசித்தாயிற்று.

நவம்பர் 28, வியாழன்

மழை. பத்து, பதினொன்று வாசித்து அனுப்பினேன். அம்மா இன்று மெதுவாகப் பேசுகிறார், களைப்பாக இருக்கிறாரா என்று கேட்டிருந்தார்கள்.

மூன்றாவது ஃபைல் கெட்டுப்போகவில்லை. ஃபோனில்தான் இருக்கிறது. தேதி ஆகஸ்ட் 8.

அன்று அவள் பக்கத்தில் உட்காரவில்லை. காதைக் காட்ட வேண்டும் என்று காலையிலேயே ஆரம்பித்தாள். நீ தட்டாமலே எனக்கு வாசிக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திப் போர்வையைத் தொங்கவிட்டேன். அவ்வளவுதான் பேச்சு. வாசித்து முடித்துக் காபி கேட்கத்தான் வெளியே வந்தேன். விழுந்ததுமே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்களோ என்னவோ.

இந்த ஃபைலை நான் போட்டுக் கேட்டதே இல்லை. கேட்டாலும் முன்பு பிரயோஜனம் இருந்திருக்காது. இப்போது மெஷின் இருக்கிறது. டிராயரைத் திறந்து திறந்து மூடினேன்.

சாயங்காலம் அதைத் தெரசாவுக்கு அனுப்பிவிட்டேன். ‘ஃபைல் கிடைத்துவிட்டது. நீ மட்டும் முதலில் கேட்டுச் சொல்’ என்று எழுதினேன்.

நவம்பர் 29, வெள்ளி

தெரசாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

நவம்பர் 30, சனி

“சார், பரீட்சைப் பேப்பர் வேலை, அதான் லேட். ஃபைல் கெட்டெல்லாம் போகலை, தெளிவா இருக்கு. இதுல அம்மா கூட வாசிக்கலை. நடுவுல, மாறன் அந்தப் பூட்டின கதவுல காதை வைக்கிற இடத்துல, வெளியில ஏதோ விழற சத்தம். அப்புறம் தூரத்துல இருந்து கை தட்டல். விட்டு விட்டு, மூணு தடவை. அம்மா வேற ரூம்ல இருந்தாங்களா? எனக்குக் கேட்ட வரைக்கும் வாசிப்புல தப்பே இல்லை, அதான் எதுக்குத் தட்டினாங்கன்னு புரியலை. நீங்களும் நிறுத்தாம வாசிச்சுட்டே போயிட்டீங்க. அந்தச் சத்தத்தை மட்டும் வெட்டிடட்டுமா?”

மூன்று முறை.

வெட்ட வேண்டாம், நானே மறுபடி வாசித்து அனுப்புகிறேன் என்று பதில் போட்டேன். தட்டச்சு செய்வதற்குள் கண்ணாடியை நாலு தடவை துடைக்க வேண்டியிருந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

அரட்டையைக் கேட்கவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

பிளம்பர் வந்து பாத்ரூம் குழாயைச் சரி செய்தான். பாசியை நானே தேய்த்தேன். பாக்கியம் நான் தேய்க்கிறேன் என்று நின்றாள், விடவில்லை. ஹேமாவிடம் ஃபோனில் மெஷின் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அழுகிறாள். அவள் அழுவது கேட்டது.

டிசம்பர் 4, புதன்

மதியம் மூன்றாம் அத்தியாயம் வாசித்தேன். மெஷினைப் போட்டுக்கொண்டேன். போர்வையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன். கதவை விரியத் திறந்து வைத்தேன். தெருச் சத்தம் உள்ளே வந்தால் வரட்டும்.

மாறன் கதவில் காதை வைக்கும் இடம் வந்ததும் நிறுத்தினேன். பதிவை நிறுத்தவில்லை. எழுந்து போனேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து மீதியை வாசித்து முடித்தேன்.

அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

எல்லாருக்கும் மூன்றாம் அத்தியாயம் பிடித்திருக்கிறது. கதைக்கே உயிர் இங்கேதான் என்று எழுதியிருக்கிறார்கள். தெரசா ஒன்றையும் வெட்டாமல் அப்படியே போட்டிருக்கிறாள்.

குப்புராஜின் குரல் செய்தி கடைசியாக வந்தது. மெஷின் போட்டுக் கேட்டால் அவன் பின்னால் கண்டக்டர் கத்துவதுகூடக் கேட்கிறது.

“சார், மாறனை நான் இனிமே திட்ட மாட்டேன். அந்தக் கதவு சீன்ல நடுவுல நிறுத்திட்டு எழுந்து போறீங்களே, அங்க எனக்கு அப்படியே சிலிர்த்துடுச்சு. நீங்க நடந்து போறீங்க, ஒரு கதவு திறக்குது. அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. திரும்பி வரும்போது ரெண்டு பேர் நடை சார். உங்க செருப்பு, கூடவே தரையில மெட்டி தட்டற சத்தம். மெதுவா, ஒவ்வொரு அடியா வர்றாங்க. நாற்காலி இழுபடுது. அதுக்கப்புறம் அம்மா வாயே திறக்கலை, கதை முடியற வரைக்கும் சும்மா உக்காந்து கேட்டுட்டு இருந்தாங்க போல. அம்மாவுக்கு உடம்பு முடியலையா சார்? கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தீங்களா?”

நான் குரல் செய்தி அனுப்புவதில்லை. இன்று அனுப்பினேன்.

“ஆமாம்பா. பாத்ரூம் தரை வழுக்கும். அதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்.”